தடம் பத்தொன்பது

எட்டு யூரோ. குவோப்பியோவில்
ரயிலடிக்குப் பின்னால் உள்ள பழைய சாமான் கடை.
"ஓடும். கொஞ்சம் பேசும், அவ்வளவுதான்" என்றாள் ரைலி.

பேசவில்லை அது.
பொத்தானை அழுத்தினால்
தகர டப்பாவில் ஆணி உருட்டியது.
இழுப்பறை பாதி வரும்,
வாசலில் கடன்காரனைக் கண்டதுபோல்
உள்ளே ஓடிவிடும்.
உள்ளே உன் தகடு, சிக்கிக்கொண்டு.
உன்னை எனக்குத் தெரியாது.

கீழ்வீட்டுத் தார்மோ
ஹீட்டர் குழாயில் கரண்டியால் தட்டினான்.
இரண்டு தட்டு என்றால் போதும் நிறுத்து.
மூன்று என்றால் வீட்டுச் சங்கத்துக்குக் கடிதம்.

ஞாயிறு. வெளியே மைனஸ் இருபத்து மூன்று.
பஸ் டிப்போவில் எனக்கு விடுப்பு.
சமையல் மேஜையில் செய்தித்தாளை விரித்து
ஆறு திருகாணிகளில் ஐந்தைக் கழற்றினேன்.
ஆறாவதன் தலையை
யாரோ ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தார்கள்.
நீதானா?
ரப்பர் கையுறையில் ஒரு துண்டு வெட்டி
இடையில் வைத்து அழுத்தித் திருகினேன்,
கடைவாய்ப்பல்போல் முனகிக்கொண்டு வந்தது.

மூடியைத் தூக்கினால்
முப்பத்தைந்து வருஷத்துத் தூசி, ஒரு பூனைமுடி,
பல்சக்கரங்களின் இடுக்கில்
காதுக்குறும்பிபோல் பழுத்து இறுகிய கிரீஸ்.
வழுக்கவென்று போட்டது
பசையாகி உட்கார்ந்துவிட்டது.
கலியாணத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தோன்றியது.
சொல்லவில்லை. கேட்க யாருமில்லை.

ஆல்கஹால், பஞ்சுக்குச்சி.
இருபது குச்சி கறுத்தது.
ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன்,
என் பஸ்ஸின் முன்கண்ணாடியைக்கூட
அப்படித் துடைத்ததில்லை.
தொய்ந்த பெல்ட்டுக்குப் பதில்
முள்ளங்கிக் கட்டில் வந்த ரப்பர் வளையம்
(சரியான பெல்ட் தம்பெரேயிலிருந்து வர ஒன்பது நாளாம்).
இழுப்பறையின் தண்டவாளத்துக்கு வெள்ளை கிரீஸ்,
பல்குத்தும் குச்சியின் நுனி அளவு.
மோட்டார் அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய்
ஒரே சொட்டு.
ஒரே சொட்டு, ஒரே சொட்டு என்று
சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் விழுந்தது.
சுற்றவிட்டதும் தெறித்தது:
லென்ஸில், என் மூக்குக்கண்ணாடியில்,
விளையாட்டுப் பக்கத்து ஐஸ் ஹாக்கி கோலியின் நெற்றியில்.
ஒரு கெட்ட வார்த்தை. மறுபடி பஞ்சு.

நான்காம் தடவை இழுப்பறை வந்தது,
வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல்.

பாட்டு என்றுதான் நினைத்தேன்.
ஓர் ஆண்குரல்: "இடது."
கொஞ்சம் கழித்து: "வலது."
பிறகு ஒரு விசில், அதைவிட மெல்லிய விசில்,
பிறகு எதிர்வீட்டு நாய்க்கு மட்டும் கேட்டிருக்கக்கூடிய ஒன்று.
பெட்டியைச் சோதிக்கிற தகடு!
இதையா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்,
மாலை நேரங்களில், காபியோடு?

பத்தொன்பதாம் தடம்:
"நிசப்தம். அறுபது வினாடி."

பெட்டியில் காதை ஒட்டினேன்.
மோட்டார் இல்லை. பல்சக்கரம் இல்லை.
பிரிட்ஜ் இருந்தது. மூக்கில் என் மூச்சு இருந்தது.
மூன்றடுக்குக் கண்ணாடியைத் தாண்டி
கல்லாவெசி ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடும்
நீளமான டூங் இருந்தது.
குழாய் வழியாகத் தார்மோ இருந்தான், போனில்.
அவனுக்கு இப்படியொரு குரல் உண்டென்று தெரியாது.
"சாப்பிட்டியா? மாத்திரை?
இல்ல, வெள்ளைய இல்ல. மஞ்சள."
நாற்பதாவது வினாடியில் வைத்துவிட்டான்.
மிச்ச இருபதையும் கேட்டேன்.

நிறுத்தினேன்.
குழாயில் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று.
ஒன்றுக்கு நாங்கள் அர்த்தம் வைத்ததில்லை.
கரண்டி என் கையில் இருந்தது,
எண்ணெய்ப் பிசுக்கோடு.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

செய்தித்தாளில் ஒரு வாஷர் மிச்சம்.
எங்கே போகவேண்டியதென்று
உனக்குத் தெரிந்திருக்கும்.
அது இல்லாமலே ஓடுகிறது.
கட்டவிழ்ந்த முள்ளங்கியை
நாளைக்குள் தின்று தீர்க்கவேண்டும்.